டன்ஸ்கோமின் முகம்

செத்தவர்களுக்குக் கோட் போட்டுவிடுவதுதான் தன் புருசனின் தொழில் என்று மக்டலீன் எல்லாரிடமும் சொல்வார். சீண்டுவதற்காகச் சொல்வதுதான் என்றாலும் அதில் பொய் ஒன்றும் இல்லை. ரொறன்ரோவின் கிழக்கே வோபர்னில், மார்க்கம் ரோட்டுப் பிளாசா ஒன்றில், கொத்துரொட்டிக் கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவே றெமிஜியஸின் ஸ்டூடியோ இருந்தது. கலியாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை எல்லாம் எடுப்பார்தான். ஆனால் கடையைத் தாங்கி நிறுத்தியவர்கள் செத்தவர்கள். யாராவது மோசம் போனால் மகனோ மருமகனோ ஒரு பழைய அடையாள அட்டைப் படத்தையோ, கலியாண வீட்டுக் கூட்டத்தில் அரைவாசி மறைந்த ஒரு முகத்தையோ போனில் கொண்டுவந்து காட்டுவார்கள்.

"அண்ணை, உதில அப்பாவை மட்டும் எடுத்து, கோட்டும் டையும் போட்டு, பின்னால கொஞ்சம் நீலமா விட்டுத் தாங்கோ."

கொம்பியூட்டருக்குள் றெமிஜியஸ் ஓர் அலுமாரி நிறையக் கோட் வைத்திருந்தார். கறுப்பு, கடும் நீலம், சாம்பல். மெலிந்தவருக்கு ஒன்று, தடித்தவருக்கு ஒன்று, கழுத்தே இல்லாதவருக்கு ஒன்று. வாழ்நாள் முழுவதும் இடுப்பில் சாரத்தோடு திரிந்த மனிதர்கள் அவர் கைபட்டதும் மந்திரிமாராகிப் பத்திரிகையிலும், மண்டப வாசல் பானரிலும், முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கும் நினைவு அட்டையிலும் நிமிர்ந்து நின்றார்கள். அவருடைய வீட்டு ஹோலிலும் அவர் தகப்பனார் கடும் நீலக் கோட்டோடு தொங்கிக்கொண்டிருந்தார். ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போய்வந்த மனிதர். கோட்டைத் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு நூறு வருசத்துக்கு முந்திய பேஸ்போல்காரர்களிடம் என்ன அலுவல் என்று கேட்டால், அதற்கும் இந்தத் தொழில்தான் காரணம். பிளாசாவில் பழைய ஹொக்கிக் காட், அதாவது ஆட்டக்காரர் படம் அச்சடித்த அட்டை, விற்றுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் கடையை மூடிக்கொண்டு போகும்போது, நல்ல அயலவருக்கு ஒரு ஞாபகம் என்று சொல்லி மூலை உடைந்த சின்னக் காட் ஒன்றை றெமிஜியஸின் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டி நசியாமல் இருக்க உள்ளே இப்படி ஒரு தடித்த கடதாசியை வைப்பார்களாம். ஒரு பக்கம் புகையிலைக் கொம்பனியின் விளம்பரம், மறுபக்கம் ஒரு விளையாட்டுக்காரன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் நீளம். தோடம்பழ நிற வானத்துக்கு முன்னால் ஒரு மனிதன் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். கீழே 'டன்ஸ்கோம், ரொறன்ரோ' என்று மட்டும் அச்சடித்திருந்தது.

அந்த ‘மட்டும்’தான் றெமிஜியஸுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தொழிலில் ஒரு மரண அறிவித்தல் என்றால், செத்தவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகன், மருமகன், கணவன், தகப்பன், மைத்துனன், சகலன், சம்பந்தி, பேரன் என்று ஒருவரையும் விடாமல் வரவேண்டும். ஒரு சகலனின் பெயர் தவறினாலும் செத்த வீட்டிலேயே முகம் கோணும். இந்த மனிதனுக்கோ ஒரு பெயரும் ஓர் ஊரும்தான். தாய் தகப்பன் இல்லாமல் வானத்திலிருந்தா குதித்தான் என்று அவருக்குக் கோபமே வந்தது.

அன்றைக்குத் தொடங்கிய விசர் இன்னும் விடவில்லை. ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் நகரத்துப் பெரிய நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் படச்சுருளைச் சுழற்றிக்கொண்டு இருந்தார். இப்படிப்பட்ட காட்டுகளில் இருக்கும் மறந்துபோன ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கென்றே ஒரு சங்கம் இருப்பதை அங்கேதான் அறிந்தார். பென்சன் எடுத்த வாத்திமாரும் லோயர்மாரும் நிறைந்த சங்கம். கல்லறையில் பெயர்கூட இல்லாமல் கிடக்கும் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்து அவர்களுக்குக் கல் வைப்பது அவர்களுடைய நல்ல பழக்கம். றெமிஜியஸையும் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஆட்டக்காரனின் ஓட்டங்களையும் பிடிகளையும் எண்ணுவார்கள். இவர் ஆள் ஆளாகத் தமிழில் மரண அறிவித்தல் எழுதுவார்.

"ரொறன்ரோ கிழக்கைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட வில்ஃபிரட் டன்ஸ்கோம் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார் கிளாராவின் பாசமிகு கணவரும், சார்லியின் அன்புத் தந்தையும்..." என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உரத்து வாசித்தபோது மக்டலீன் கறிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ர தங்கச்சியின்ர மகன்ர பேத்டே உங்களுக்குத் தெரியாது. ஆனா உந்த வெள்ளைக்காரற்ற பெஞ்சாதி பிள்ளையளின்ர பேர் எல்லாம் மனப்பாடம். விசர் எண்டு சொல்லாம வேற என்னெண்டு சொல்லுறது?"

"ஆராவது ஒராள் ஞாபகம் வச்சிருக்கத்தானே வேணும்."

"அப்ப முதல்ல பால் வாங்க ஞாபகம் வச்சிருங்கோ."

டன்ஸ்கோம் இரண்டு கோடைகாலம்தான் ரொறன்ரோ அணிக்கு ஆடியிருந்தார். பிறகு தொழிற்சாலை ஒன்றில் மெஷினுக்குள் கை அகப்பட்டு ஆட்டம் முடிந்துபோனது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நெஞ்சுவருத்தத்தில் போய்ச்சேர்ந்தார். நகரத்தின் கிழக்கே ஒரு சேமக்காலையில் கல்லில்லாத குழியில் கிடந்தார். மகன் சார்லிக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு சார்லி டன்ஸ்கோம் என்று ஒருவரும் எந்தப் பதிவிலும் இல்லை. சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் கையை விரித்தார்கள்.

றெமிஜியஸ் விரிக்கவில்லை. எங்கள் ஆட்களின் அறிவித்தலில் ஒருவரைத் தேடவேண்டுமானால் பெஞ்சாதியின் சகோதரங்களைப் பார்த்தாலே போதும், ஆள் எங்கேயாவது மருமகனாகவோ பெறாமகனாகவோ நிற்பார் என்பது அவருக்குப் பழக்கமான சங்கதி. கிளாராவின் அக்கா தங்கைமாரைத் தேடிப் போனார். கடைசித் தங்கையின் மரண அறிவித்தலில், சார்லி பிறிச்சர்ட் என்று ஒரு பெறாமகன், அக்காவின் மகன், ஸ்காபரோவில் இருந்தார். கிளாரா இரண்டாம் கலியாணம் செய்திருக்கிறார். புதுத் தகப்பன் பெடியனுக்குத் தன் பெயரைக் கொடுத்ததோடு, பழைய மனிதனின் படங்கள் அத்தனையையும் அடுப்பில் போட்டும்விட்டார் என்பது பிறகு தெரிந்தது. சார்லியும் இப்போது உயிரோடு இல்லை. மகள் ஒருவர் இருந்தார், மேவிஸ் பிறிச்சர்ட்.

மேவிஸுக்கு எழுபத்தெட்டு வயது. கலியாணம் கட்டாதவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவர், ஏரிக்கரைப் பக்கமாக ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். முதல் நாள் றெமிஜியஸ் அந்தக் காட்டைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தபோது மேவிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"என் அப்பா சாகும்வரைக்கும் ஒரே ஒரு விசயத்துக்குத்தான் அழுவார்," என்றார். "தன் அப்பாவின் முகம் ஞாபகம் இல்லையாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கத்தானே வேண்டும், நான் மறந்துவிட்டேனே, என்ன பிள்ளை நான் என்று கேட்டுக் கேட்டு அழுவார். நீ கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், றெமி."

ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான். ஆனால் மேவிஸ் சொல்வது றெமிஜியஸின் காதில் ‘நீ’ என்றே விழும். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. அந்தப் படம் மேவிஸின் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஏறியது. படுக்கப்போகும்போது அதற்குக் குட்நைட் சொல்வதாக மேவிஸ் ஒருநாள் வெட்கத்தோடு சொன்னார். தன் முகத்தின் நாடி அச்சொட்டாகத் தாத்தாவின் நாடிதான் என்று அந்த இல்லத்தில் இருந்த தாதிமார் எல்லாருக்கும் காட்டியாயிற்று. றெமிஜியஸும் பார்த்துத் தலையாட்டியிருந்தார். பார்க்கப் பார்க்க அப்படித்தான் இருந்தது.

இந்த வருசம் சங்கம் டன்ஸ்கோமுக்குக் கல் வைக்கத் தீர்மானித்தது. அதில் அந்தக் காட்டில் இருந்த முகத்தையும் பொறிக்கவேண்டும் என்று மேவிஸ் ஆசைப்பட்டார். கல் வெட்டுகிறவர், படத்தைப் பெரிதாகத் துப்புரவாக்கி அனுப்பச் சொன்னார். சந்தோசமாக அந்த வேலையில் உட்கார்ந்த றெமிஜியஸின் கை, கழுத்துக்கு வந்ததும் நின்றது.

கழுத்து உடம்போடு ஒட்டவில்லை. முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது. மேற்சட்டையின் மடிப்புகளுக்கோ வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்தது. கழுத்துப்பட்டி தாடைக்குக் கீழே ஒரு நூல் அகலம் தள்ளி நின்றது. இதே கோளாறை அவர் எத்தனை தரம் விட்டு, எத்தனை தரம் திருத்தியிருப்பார்! அவசரமாகக் கோட் போட்டுவிடும்போது வருகிற பிழை அது. நூறு வருசத்துக்கு முந்தி எங்கேயோ ஓர் அச்சகத்தில் இருந்த ஒருத்தன், அவசரத்தில், ஒரு தலைக்கு வேறு ஒரு சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறான். ‘அட கள்ளா, நீயும் எங்கட ஆள்தானா’ என்று முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகுதான் உறைத்தது. சட்டை வேறு என்றால் தலை யாருடையது?

தேட அதிக நேரம் எடுக்கவில்லை. அதே வரிசைக் காட்டுகளில் பஃபலோ ஊர் அணிக்காரன் ஒருவன், ஹார்ட்நொல் என்று பெயர், அதே சாய்வில் தலையைச் சாய்த்து, அதே நாடியோடு நின்றான். அவனுக்கு வேறு படங்களும் இருந்தன. எல்லாவற்றிலும் அதே முகம். புகையிலைக் கொம்பனிக்காரருக்கு டன்ஸ்கோமின் படம் கிடைக்கவில்லை. கையில் கிடந்த பஃபலோக்காரனுக்கு ரொறன்ரோச் சட்டையைப் போட்டு டன்ஸ்கோம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிகரெட் பிடிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது?

கடையை நேரத்துக்கே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். மக்டலீன் முழுவதையும் கேட்டார். சீண்டவில்லை. அதுவே றெமிஜியஸுக்குப் பயத்தைக் கொடுத்தது.

"உங்களைத் தவிர வேற ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப விடுங்கோ. அந்த மனிசி உந்த முகத்துக்குக் குட்நைட் சொல்லிப்போட்டுப் படுக்குது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். உந்த வயசில அதைப் பறிச்சு உங்களுக்கு என்ன வரப்போகுது?"

"பிழையான ஆளின்ர முகமெல்லோ கல்லில வரும்."

"உங்கட கடையில கோட் போட்ட ஆக்கள் எல்லாரும் கோட் போட்ட ஆக்களோ? சனத்துக்கு ஆறுதலா இருக்கட்டும் எண்டுதானே செய்யிறியள். இதுவும் அப்பிடித்தான்."

மக்டலீன் சொன்னது இரக்கத்தில் வந்த கதை. இரக்கத்தில் வந்த கதையை வெல்வது கஷ்டம். சொன்னால் ஒரு கிழவி வாழ்நாளில் முதன்முதலாகக் கண்டெடுத்த முகம் போய்விடும். சொல்லாவிட்டால் டன்ஸ்கோமின் எலும்புகளுக்கு மேல் பஃபலோக்காரன் ஒருவன் காலமெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பான், அதைத் தெரிந்த ஒரே ஆள் இவர். கல் வெட்டுகிறவருக்குப் பத்து நாள் தவணை சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகள் ஜெனாட் யூனியன்வில்லில் இருந்து வந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், தமிழ் விளங்கும், கதைக்கும்போது பாதி வேறு பாதையில் போய்விடும். தாய் நடந்ததைச் சொல்ல, அவள் ஹோலில் தொங்கிய அப்பப்பாவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, ஃபன்னி ஸ்டோரி. கிரேட் ஃபோர்ல ஃபமிலி ப்ரொஜெக்ட் செய்யேக்க நான் அப்பப்பா ஒரு பாங்க் மனேஜர் எண்டு எழுதினனான்."

"என்னது?"

"உந்தக் கோட்டைப் பாருங்கோவன்! பாங்க் மனேஜர் மாதிரித்தானே இருக்கிறார். ரீச்சர் ஸ்டார் எல்லாம் தந்தவ. பிறகு ஒருநாள் அப்பம்மா போன்ல வலை, மீன் எண்டு ஏதோ சொல்லேக்கதான், வெயிட், வட் எண்டு யோசிச்சனான்." சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஐ டோன்ட் நோ, அப்பா. எனக்கு அவரில தெரிஞ்சது உந்தப் படம் மட்டும்தான். அதில அவற்ற பங்கு கழுத்துக்கு மேலதான் இருக்கு."

அவள் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து ஏதோ தேடப் போய்விட்டாள். றெமிஜியஸ்தான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். தகப்பனாரின் தோள் வெயிலில் கறுத்து உப்புப் பூத்திருக்கும். அந்தத் தோளைப் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்தது தன் கைதான் என்பது அவருக்கு இவ்வளவு காலமும் தோன்றவில்லை. மேவிஸிடம் சொல்லத்தான் வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவெடுத்தார்.

ஆனால் வெறுங்கையோடு போய் ஒரு முகத்தைப் பறிக்க மனம் வரவில்லை. டன்ஸ்கோம் உண்மையாகவே இருக்கும் படம் ஒன்று அவரிடம் இருந்தது. பழைய பத்திரிகை ஒன்றில் வந்த ரொறன்ரோ அணியின் கூட்டப் படம். பெயர்கள் வரிசையாகக் கீழே இருந்தன. பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவது டன்ஸ்கோம். மற்ற எல்லாரும் கல்லுப் போல நிற்க, அந்த மனிதன் மட்டும் படம் எடுக்கிற நேரத்தில் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறான். முகம் முழுவதும் கலங்கல். உதவாது என்று றெமிஜியஸ் எப்போதோ ஒதுக்கி வைத்த படம் அது.

இப்போதெல்லாம் கலங்கிய முகத்தைத் தெளிவாக்கக் கொம்பியூட்டரே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், அதுவாகவே கண் வைத்து மூக்கு வைத்துத் தந்துவிடும். றெமிஜியஸ் தட்டினார். வடிவான ஒரு வாலிபன் வந்தான். நம்பிக்கை வராமல் திரும்பவும் தட்டினார். வேறொருவன் வந்தான், இவனுக்குக் கன்னத்தில் குழி. இன்னொரு தரம் தட்டியபோது வந்தவனுக்கு மக்டலீனின் தம்பி றிச்சர்ட்டின் சாயல். கேட்ட நேரமெல்லாம் அது ஒரு புது மனிதனைப் பெற்றுத் தள்ளியது. அவன்கள் எல்லாரையும் அழித்துவிட்டு, கலங்கல் படத்தைக் கலங்கலாகவே பெரிதாக அச்செடுத்தார்.

மேவிஸின் அறைக்குள் நுழைந்தபோது அவர் நல்ல உற்சாகத்தோடு இருந்தார். கல் திறப்புக்கு உடுக்க நீலச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருந்தார். அதைக் காட்டினார். றெமிஜியஸ் அது நல்லாயிருக்கிறது என்றார். பிறகு கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்து, வெளிச்சத்தையும் கழுத்தையும் சட்டையையும் பஃபலோவையும் ஒன்று விடாமல் சொன்னார். இடையில் நிறுத்தினால் பிறகு சொல்லமாட்டோம் என்று அவருக்குப் பயம்.

மேவிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்படியென்றால் நான் இவ்வளவு நாளும் யாருக்குக் குட்நைட் சொன்னேன்?"

"ஹார்ட்நொல் என்று ஒருவருக்கு. பஃபலோ."

"பஃபலோக்காரனுக்கு!" மேவிஸின் முகம் சிவந்தது. "என் நாடியைப் பார்த்துத் தலையாட்டினாயே, றெமி! நீயும்தானே தலையாட்டினாய்!"

"ஓம். ஆட்டினேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது."

"அதைக் கழற்று."

றெமிஜியஸ் எழுந்து படத்தைக் கழற்றினார். சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று மிஞ்சியது. மேவிஸ் யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்குவதை றெமிஜியஸ் பார்த்துக்கொண்டு நின்றார். மக்டலீன் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று பட்டது. கடைசியில் கொண்டுவந்த மற்றப் படத்தை உறையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இது அவர்தான். சந்தேகம் இல்லை. ஆனால் ஆடிவிட்டார். முகம் தெரியாது."

மேவிஸ் குனிந்து பார்க்க விரும்பாதவர் போல இருந்தார். பிறகு பார்த்தார். வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் கைகட்டி, மீசை முறுக்கி, நேரே பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன் மட்டும் படத்துக்கு வெளியே யாரிடமோ ஏதோ சொல்வதற்குத் திரும்பியிருந்தான். ஒரு கை பாதி உயர்ந்து நின்றது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகைச்சல்.

"இவன் யாரோடு கதைக்கிறான்?"

"தெரியாது. படத்துக்கு வெளியே யாரோ."

மேவிஸ் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்து லாச்சியைத் திறக்கச் சொன்னார். உள்ளே கொஞ்சப் படங்கள். தாய் தகப்பனின் கலியாணப் படத்தில் சார்லி பெண்ணைப் பார்க்காமல், கமராவைப் பார்க்காமல், ஓரமாக நின்ற யாருக்கோ சிரித்துக்கொண்டு இருந்தார். ஏரிக்கரையில் எடுத்த படத்தில் காதும் பிடரியும்தான். மேவிஸின் பிறந்தநாள் படத்தில் கேக்குக்குப் பின்னால் திரும்பிய தலை.

"ஒரு படத்தில்கூட இந்த மனிதன் ஒழுங்காக நின்றதில்லை," என்றார் மேவிஸ். "‘ஆடாமல் நில், சார்லி!’ என்று அம்மா கத்துவார். அந்த நேரம் பார்த்துத்தான் யாருக்காவது ஏதாவது சொல்ல ஞாபகம் வரும்." விரலால் அந்த வெள்ளைப் புகைச்சலைத் தொட்டார். "ஒன்பது வயதுப் பெடியன். தன் அப்பாவின் முகம் ஞாபகம் இல்லையென்று சாகும்வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு இருந்தான். றெமி, கமராவாலேயே பிடிக்க முடியவில்லையே. அந்தக் குழந்தை எப்படிப் பிடித்திருக்கும்?"

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். இது முன்னைய அழுகை இல்லை. றெமிஜியஸும் அழுதார். எதற்கென்று கேட்டால் சார்லிக்கா, தன் தகப்பனாருக்கா என்று அவரால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

கொஞ்சம் ஆறியதும், தேவையென்றால் இந்த முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிப் பார்க்கலாம் என்று பழக்க தோசத்தில் வாய் உளறிவிட்டது.

"தொடாதே," என்றார் மேவிஸ். "அப்படியே இருக்கட்டும்." பிறகு கழற்றி வைத்திருந்த பஃபலோக்காரனைக் கண்ணால் காட்டினார். "அவன் பாவம். என்னோடு நல்லாகத்தான் இருந்தான். அவனுக்கும் எங்கேயாவது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். தேடிப்பார்."

கல்லில் முகம் பொறிப்பதில்லை என்று தீர்மானமானது. வெறும் பெயரோடு விடவும் மேவிஸுக்கு மனமில்லை. உங்கள் ஆட்கள் எழுதுவதாகச் சொன்னாயே, யாருடைய மகன் யாருடைய புருசன் என்று, அதை ஆங்கிலத்தில் எழுதித் தா என்றார். றெமிஜியஸ் எழுதிக் கொடுத்தார். கல் வெட்டுகிறவர் இவ்வளவு சொந்தக்காரரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முணுமுணுத்தார். கடைசியில் எழுத்தைச் சின்னதாக்கி எல்லாரையும் ஏற்றிவிட்டார். தாய், தகப்பன், கிளாரா, கிளாராவின் சகோதரிகள், சார்லி, மேவிஸ். சங்கம் வைத்த கல்லுகளிலேயே ஆள் கூடிய கல் அதுதான்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை திறந்தார்கள். சங்கத்துக்காரர் நாலைந்து பேர், இல்லத்துத் தாதி ஒருவர், வெயிலுக்குத் தொப்பி போட்ட மக்டலீன், ஜெனாட். மக்டலீன் கல்லைக் கடைசிவரை வாசித்துவிட்டு, "சம்பந்தி வீட்டை விட்டிட்டியள்," என்றார். மூக்கை உறிஞ்சியதை மறைப்பதற்குச் சொன்னது என்று றெமிஜியஸுக்குத் தெரிந்தது. வீட்டு ஹோலில் அதற்கு முந்திய கிழமைதான் கோட் போட்ட படத்துக்குப் பக்கத்தில் தகப்பனாரின் பழைய அடையாள அட்டைப் படத்தை, பட்டன் இல்லாத சேட்டோடு இருந்தபடியே, றெமிஜியஸ் மாட்டியிருந்தார்.

பேச்சுகள் முடிந்ததும் றெமிஜியஸ் கமராவை எடுத்தார். சக்கர நாற்காலியைக் கல்லோடு சேர்த்து நிறுத்தினார்கள். நீலச் சட்டையில் மேவிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிச்சம் இடப்பக்கமிருந்து நன்றாக விழுந்தது.

"ஆடாமல் இருங்கோ," என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல் தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. மேவிஸுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் ஆடாமல் இருந்தார்.

விரல் அழுத்துகிற நேரம் பார்த்து அவருக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. ஒரு கையைப் பாதி உயர்த்தி, ஓரமாக நின்ற ஜெனாட்டிடம் என்னவோ சொல்லத் திரும்பிவிட்டார்.

றெமிஜியஸ் கமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். கல் தெளிவாக இருந்தது, எழுத்துகள் எல்லாம் வாசிக்கக்கூடியதாக இருந்தன. அதன் பக்கத்தில் ஒரு காதும், நரைத்த பிடரியும், பாதி உயர்ந்த கையும்.

"திரும்ப எடுக்க வேணுமோ, அப்பா?" என்று ஜெனாட் கேட்டாள்.

"வேண்டாம்," என்றார். கமராவை உறைக்குள் போட்டு மூடினார்.